விருப்பப் பாடம் யாருடைய விருப்பம்?

முன்னாள் மாணவியர் மூவர்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, நம் கோட்டையைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் முன்னாள் மாணவியர் பக்கத்தில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் இராஜகிரியில் ஏறிவிடுகிறார். தேசிங்கு ராஜனின் குதிரையும் தவறாமல் ஓடிவிடுகிறது. ஆகையால் கோட்டையைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஆண்டு எங்கள் மூவர் வீட்டிலும் சாப்பாட்டு வேளையில் சண்டையைக் கிளப்பிய ஒரு செய்தியை எழுதுகிறோம். விருப்பப் பாடம் என்பது அதன் பெயர்.

நாங்கள் மூவரும் இப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். மூவரும் சட்டம் படிக்கிறோம். ஆனால் மூன்று வெவ்வேறு கல்லூரிகளில். ஒருத்தி அன்றாடம் பேருந்தில் போய் வருகிறாள். ஒருத்தி விடுதியில் இருக்கிறாள். இன்னொருத்தி வெளிமாநிலத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்த நாட்களில் சட்டம் என்றாலே சென்னை, புதுச்சேரி என்று வெளியூர்ப் பேச்சாகத்தான் இருந்தது. 2017-இல் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு, செஞ்சிப் பெண்ணுக்குச் சட்டப் படிப்பு பேருந்துப் பயணத் தொலைவுக்கு வந்துவிட்டது. அது பெரிய மாற்றம். சேர்வது எளிதாயிற்று, சேர்ந்த பின் எதைப் படிப்பது என்பதில்தான் இப்போது சிக்கல்.

தங்கைகளுக்குப் புரியும்படி சொல்கிறோம். சட்டப் படிப்பில் ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், அரசியலமைப்புச் சட்டம் போன்றவை எல்லாரும் படித்தே தீரவேண்டிய கட்டாயப் பாடங்கள். அவற்றுக்கு அப்பால் மாணவர் தாமே தேர்ந்துகொள்பவை விருப்பப் பாடங்கள். இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி குறைந்தது ஆறு தாள்கள் இப்படிப் படிக்க வேண்டும். பட்டியல் நீளமானது. மனித உரிமைச் சட்டம், பெண்களுக்கான நீதி, ஊராட்சி நிர்வாகம், வங்கிச் சட்டம், காப்பீடு, வரி, வேளாண் நிதி, பயிர்க் காப்பீடு, பன்னாட்டு வாணிபம் என்று போய்க்கொண்டே இருக்கும். வெளிமாநிலத்தில் படிப்பவளின் கல்லூரியில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் உண்டு. ஆனால் பட்டியலில் இருப்பவை எல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கிடைத்துவிடா. சிலவற்றை மட்டும் நடத்திக்கொள்ளப் பல்கலைக்கழகத்துக்கு அதே விதிகள் இடம் கொடுக்கின்றன. ஆசிரியர் இருந்தால் பாடம் உண்டு; இல்லையேல் இல்லை.

எங்களுள் ஒருத்தி ஐரோப்பியச் சட்டம் எடுக்க விரும்பினாள். "செஞ்சியில் பிறந்துவிட்டு ஐரோப்பாச் சட்டம் உனக்கு எதுக்கும்மா?" என்றார் அவள் சித்தப்பா. இரண்டாமவள் மனித உரிமை என்றாள். "போலீஸ், கேஸ் என்று அலையவேண்டி வரும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று அவள் அம்மா கலங்கிவிட்டார். மூன்றாமவள் வங்கியும் நிதியும் என்றாள். அவள் அண்ணன் சிரித்தே விட்டான்: "பத்தாவதில் கணக்கில் ஐம்பத்திரண்டு வாங்கினவள்தானே நீ?"

மூவருக்கும் வீட்டில் கிடைத்த ஆலோசனை ஒன்றே. எதில் சுலபமாக மார்க் வருமோ, எதற்கு மேல் வகுப்பு அக்காக்களிடம் நோட்டுகள் கிடைக்குமோ, அதை எடு என்பதுதான் அது. எங்கள் கருத்து இதற்கு நேர் எதிரானது. யார் பக்கத்தில் நிற்கப்போகிறோம் என்று பார்த்தே இந்தத் தாள்களை எடுக்கவேண்டும் என்கிறோம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

சித்தப்பாவிடமிருந்தே தொடங்குவோம். ஐரோப்பா செஞ்சிக்கு வந்து நெடுநாள் ஆகிறது. 1750-இல் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையை ஓர் இரவில் பிடித்தது. 1761-இல்தான் ஆங்கிலேயரிடம் இழந்தது. (கோட்டையை ஓரமாக வைப்பதாகச் சொன்னோம், முடியவில்லை, மன்னிக்கவும்.) இங்கிருந்து அவர்கள் போய்விட்டார்கள், ஆனால் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் 1954 வரை ஆண்டார்கள். அங்கே 1838-லேயே சட்டப் பள்ளி தொடங்கிவிட்டது. 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. விருப்பமுள்ள தமிழர்கள் தங்கள் சாதி, சமய வழக்கத்தின்படியான தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அந்த ஆணை. அப்படித் துறந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, பரம்பரைக்கு ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் அவர்களுக்கு இன்றும் பிரெஞ்சுச் சட்டமே பொருந்துகிறது. 1962-இல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு இணைந்த பின்பும் இதுதான் நிலை.

இதில் பெண்களாகிய நமக்கு என்ன? 1804-இல் எழுதப்பட்ட அந்தச் சட்டம், பெற்றோர் சொத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு பாராமல் பிள்ளைகளுக்குச் சமபங்கு தந்தது. ஆகவே 1881-இல் தந்தை ஒருவர் கையெழுத்திட்ட புதுச்சேரி வீட்டில் மகளுக்கு அன்றே சமபங்கு. நம் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கோ, தந்தை தாமே ஈட்டிய சொத்தில் பங்கு கிடைக்க 1956 வரையும், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக நிற்க 1989-இல் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியா முழுமைக்கும் அது 2005-இல்தான் வந்தது. கிறிஸ்தவக் குடும்பத்தார் இதைப் படித்துப் பெருமை கொண்டுவிட வேண்டாம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் நமக்குச் சமபங்கு தந்தது உண்மைதான். ஆனால் திருவிதாங்கூர்ப் பகுதியின் கிறிஸ்தவப் பெண்களுக்கு அது கிடைக்க, மேரி ராய் என்ற பள்ளி ஆசிரியை தம் சொந்த வீட்டாரோடு வழக்காடி 1986-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப் பெறவேண்டியிருந்தது. சட்டம் தந்த பங்கையும் நம் தெருக்களில் என்ன செய்கிறோம்? "சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு?" என்று மகளை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொல்கிறோம். இதைப் படிக்கும் பெற்றோருள் அந்தப் பத்திரத்தை அறியாதவர் இருக்கமாட்டார்.

பிரெஞ்சுச் சட்டம் பெண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது என்றும் எண்ணவேண்டாம். மகளுக்குப் பங்கு தந்த அதே சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தது. பிரான்சில் அந்த வரி நீங்கியது 1938-இல். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது என்பது நமக்கு ஒரு பாடம். புதுச்சேரி நீதிமன்றங்களில் இத்தகைய குடும்பங்களின் வழக்குகள் வரும்போது, அந்தப் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்ல நாளைக்கு யார் இருப்பார்கள்? அந்த இடத்துக்குச் செஞ்சிப் பெண் ஒருத்தி ஏன் போகக்கூடாது?

பழைய ஐரோப்பா இப்படி என்றால் புதிய ஐரோப்பாவும் நம்மைத் தொடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலைக் கேட்டால் தெரியும். தோலைப் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட ஒரு மருந்தை 1989-இல் ஜெர்மனி தடை செய்தது. 1994-இல் சிலவகை அசோ சாயங்களைத் தடை செய்தது. அங்கே ஒரு தாளில் கையெழுத்தானது; இங்கே பாலாற்றங்கரைத் தொழிற்சாலைகள் சாயத்தை மாற்றவேண்டி வந்தது. 2015 மே முதல், தோலில் இருக்கும் ஒருவகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவை எட்டினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தத் தோல் பொருளை விற்க முடியாது. எங்களுள் ஒருத்தியின் அக்காள் செய்யாற்றுப் பக்கம் காலணித் தொழிற்சாலைக்கு விடியற்காலை வேனில் போய் வருகிறாள். அவள் தைக்கும் செருப்பு எப்படி இருக்கவேண்டும் என்று பிரசெல்ஸ் நகரில் முடிவாகிறது. அவள் தங்கை அந்தச் சட்டத்தைப் படித்தால் அது வீண் படிப்பா? சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் பேசாமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

நம் கோட்டைக்கே வருவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. 1972-இல் பாரிசில் நிறைவேறிய ஓர் உடன்படிக்கையின்படி வந்தது இந்தப் பெருமை. ஊரே இனிப்புக் கொடுத்து மகிழ்ந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது, அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் 2010 முதல் சொல்கிறது. கோட்டையடியில் குடியிருப்பவர் ஒழுகும் கூரையைப் பழுதுபார்ப்பதற்கும் மனுப் போட வேண்டும். கோட்டையும் காக்கப்பட வேண்டும். அந்தக் கூரையும் ஒழுகக்கூடாது. இரண்டையும் தெரிந்து பேச ஊருக்குள் ஒரு வக்கீல் வேண்டாமா?

மனித உரிமைக்கு வருகிறோம். இது பற்றி எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விருப்பப் பாடங்களுள் இதற்குத்தான் "சுலபமான தாள்" என்று பெயர். 1948-ஆம் ஆண்டு உலகப் பிரகடனத்தின் 30 உறுப்புகளை வரிசையாக ஒப்பித்தால் போதும், அறுபது மார்க் வந்துவிடும் என்கிறார்கள். அந்தப் பிரகடனத்தின் முதல் உறுப்பில் "ஆண்கள் எல்லாரும்" என்று பொருள்படும்படி இருந்ததை "மனிதர் எல்லாரும்" என்று மாற்றவைத்தவர் ஹன்சா மேத்தா என்னும் இந்தியப் பெண்மணி. உலகமே படிக்கும் ஒரு வரியில் நம் நாட்டுப் பெண்ணின் கை பட்டிருக்கிறது. இதைத் தேர்வுக்கு இரண்டு மார்க் கேள்வியாக மட்டும் படிக்கிறோமே என்று வருத்தமாக இருக்கிறது. 1963-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் உலக அமைதி பற்றி விடுத்த சுற்றுமடலும் மனிதரின் உரிமைகளையும் கடமைகளையும் எடுத்துரைத்தே தொடங்குகிறது என்பதைச் சகோதரியர் அறிவர்.

எங்களுள் ஒருத்தி இந்தப் பாடத்தை ஏன் விரும்புகிறாள் என்று சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பு வரை எங்களோடு ஓர் இருளர் வீட்டுப் பெண் படித்தாள். பெயர் வேண்டாம். படம் வரைவதில் அவளுக்கு ஈடு இல்லை. சாதிச் சான்றிதழ் வரவில்லை. அவள் அப்பா ஓர் அலுவலகத்தின் படியேறி இறங்கி அலைந்தார். ஒருமுறை போனால் அதிகாரி இல்லை, மறுமுறை போனால் தாள் இல்லை, பிறகு விசாரணைக்கு வருவோம் என்றார்கள். சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்தது. குடும்பத்தோடு செங்கற் சூளைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்களாம்.

அப்போது எங்களுக்கு வருத்தம் மட்டுமே பட்டது. இப்போது சட்டம் படித்த பிறகு வேறு ஒன்றும் தெரிகிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, கொத்தடிமையாக வைத்திருக்கக் கொடுத்த கடன் அழிந்துபோனதாகவே கொள்ளப்படும். அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. தொழிலாளி எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய வேலைதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாதாரணக் கடிதம் ஒன்றையே வழக்காக ஏற்றுக்கொண்ட வரலாறும் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. இவை அனைத்தும் நாங்கள் பள்ளியில் இருந்தபோதும் நடப்பில் இருந்தவை. எங்கள் தோழியின் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை; அவ்வளவுதான். போலீஸ், கேஸ் என்று அலைவதற்கு அஞ்சும் அம்மாவிடம் இதைச் சொன்னால், "அந்தப் பிள்ளை நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள்" என்று கண் கலங்குகிறாரே ஒழிய, சரி என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். தாயின் அச்சத்தை நாங்கள் இகழவில்லை. ஊரில் பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு வாழ்வது எளிதன்று.

நிதி என்றதும் பங்குச் சந்தையும் கோட்டு அணிந்த ஆண்களும் நினைவுக்கு வருகிறார்கள். எங்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. கணக்கில் ஐம்பத்திரண்டு வாங்கியவளின் தாயார் பத்துப் பெண்கள் சேர்ந்த குழு ஒன்றில் கடன் வாங்கினார். தம் தவணையை ஒருவாரமும் தவறவிட்டதில்லை. குழுவில் ஒரு பெண்மணி வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் பங்கையும் மற்றவர்களே கட்டவேண்டும் என்று வசூலுக்கு வந்தவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரமாயிற்று, எழுந்திருக்கவில்லை. தெருவே பார்த்தது. அம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பிறகே அவர் போனார். பிறகு மகள் அந்தக் கடன் தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து.

இத்தகைய சிறு கடன்களின் ஒப்பந்தம் கடன் வாங்குவோருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி செய்திருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொல்லை செய்யக்கூடாது. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்கே போகும்படி கடன் கொடுக்கவும் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இந்த விதிகளுள் ஒன்றே ஒன்றை அந்தத் தெருவில் ஒருவர் அறிந்திருந்தாலும் அன்றைக்கு அந்தத் தோடு போயிராது.

இது ஏழைகளின் சங்கதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1990-களில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு இழந்தவர்களுள் ஆசிரியர்களும் அலுவலர்களும் எத்தனையோ பேர். அதன் பிறகே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அது செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சீட்டு நடத்துவதற்கும் 1982 முதல் மத்தியச் சட்டம் உண்டு. பதிவு செய்யாத சீட்டில் பணம் கட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்கவும்.

இங்கே ஒரு கேள்வி. நம் ஊரின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் மலைபோல் குவிகின்றன. விதைக்க வாங்கிய கடனும் விற்ற பணமும்தான் செஞ்சியில் பாதிக் குடும்பங்களின் கதை. வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் வேளாண் நிதி, வேளாண் சந்தை, பயிர்க் காப்பீடு என்று மூன்று தாள்கள் இருக்கின்றன. எங்கள் மூவர் கல்லூரியிலும் அவற்றுள் ஒன்றுகூட நடத்தப்படவில்லை. கேட்டால், "யாரும் கேட்பதில்லை" என்கிறார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் யாரும் கேட்பதில்லையாம்! நாங்களும் இதுவரை கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

சின்ன ஊர்ப் பெண்கள் இதையெல்லாம் படித்து எங்கே போகப்போகிறார்கள் என்று எண்ணும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலை நம் ஊர் நடுவே போகிறது. அதே சாலையில் செங்கத்துக்கு அப்பால் ஊத்தங்கரை. அங்கே 1955-இல் பிறந்த ஆர். பானுமதி 1988-இல் மாவட்ட நீதிபதியானார். 2014-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி 2020 வரை பணியாற்றினார். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த ஆறாவது பெண் நீதிபதி அவர். இதே நாட்டில் 1923-இல் தனியாக ஒரு சட்டம் செய்த பிறகே பெண்கள் வக்கீலாகலாம் என்று உறுதியாயிற்று. கொர்னீலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதித் தேறினார். பட்டத்தைக் கையில் கொடுக்க அவர்களுக்கு 1922 வரை மனம் வரவில்லை.

இதை எழுதும் நாளில் எங்கள் நிலை இதுதான். ஐரோப்பியச் சட்டம் கேட்டவளின் படிவத்தில் சித்தப்பாவே கையெழுத்திட்டார். "செருப்புச் சட்டம்" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். நிதி கேட்டவள் யாரிடமும் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் இப்போது அவளிடம் இருசக்கர வண்டிக் கடன் தாளைக் கொண்டுவந்து படிக்கச் சொல்கிறான். மனித உரிமை கேட்டவளின் படிவம் இன்னும் அவள் பையில் இருக்கிறது. கொடுக்கக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. அவள் அம்மாவுக்கு இந்த மலரின் கையெழுத்துப் படியைப் படித்துக் காட்டப்போகிறோம்.

எங்கள் முதலாண்டுப் புத்தகங்களில் ஏழு இப்போது நம் பள்ளி நூலகத்தில், சன்னலோர அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தங்கைகள் கேட்டால் சிஸ்டர் எடுத்துத் தருவார். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பது நாங்கள்தான். அதை அழிக்க வேண்டாம்.